சொல்லத் தெரியாத வலி

நுழையும்முன்

தன் துன்பத்தைச் சொல்ல மொழி வேண்டும். மொழி அறியாத மழலைக்கு உடலே மொழி. அதன் அழுகையையும் அசைவையும் படிக்கத் தெரிந்தவர் அருகிலிருந்தால் ஓர் உயிர் பிழைக்கும். குழந்தைகளைத் தாக்கும் மூளையுறை அழற்சியை அறிந்துகொள்ளவும், அந்நோயுற்ற குழந்தையைப் பேணும் முறையை உணரவும் இப்பாடம் துணைபுரிகிறது.

சங்கரன்கோவிலை அடுத்த சிற்றூர் ஒன்றில், விசைத்தறிக் கூடத்திலிருந்து வீடு திரும்பும் தாய் ஒருத்தி தன் நான்கு மாதக் குழந்தையைத் தூக்குகிறாள் எனக் கொள்வோம். தூக்கினால் அடங்க வேண்டிய அழுகை, தூக்கியதும் வீறிடலாக மாறுகிறது. உடல் கொதிக்கிறது, பால் குடிக்கக் குழந்தை மறுக்கிறது. ‘உரம் விழுந்திருக்கும்’ என்கிறார் ஒருவர். ‘தொக்கம் எடுக்க வேண்டும்’ என்கிறார் மற்றொருவர். இருவரும் அன்புடையோரே. ஆயினும், அந்த இரவு வீணானால் குழந்தையின் செவித்திறனோ உயிரோ பறிபோகக்கூடும்.

நோயின் இயல்பு

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று மெல்லிய உறைகள் போர்த்திக் காக்கின்றன. பாக்டீரியா, வைரஸ் முதலிய கிருமிகளால் அவ்வுறைகள் வீங்குவதே மூளையுறை அழற்சி. மக்கள் இதனை மூளைக்காய்ச்சல் என்பர். பாக்டீரியாவால் வருவது சில மணி நேரத்திலேயே முற்றக்கூடியது. காசநோய்க் கிருமியால் வருவது நாள்கணக்கில் மெல்லப் பதுங்கி வளர்வது.

உடல் பேசும் மொழி

சற்று வளர்ந்த குழந்தைகள் தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைக் காணக் கூச்சம் ஆகியவற்றால் துன்புறுவர். கழுத்து விறைப்பதால் தாடையை மார்பில் பதிக்க இயலாது. கைக்குழந்தையிடம் இக்கழுத்து விறைப்பு பெரும்பாலும் தோன்றாது. அதன் உச்சிக்குழியைக் கவனிக்க வேண்டும். வயிற்றுப்போக்கால் நீர் வற்றினால் உச்சிக்குழி உள்வாங்கும். மூளையுறை அழற்சியில் அது புடைத்து நிற்கும். அழாத பொழுதில், நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பதே சரியான முறை. தூக்கும்போது வீங்கிய உறைகள் இழுபடுவதால், அணைப்பும் குழந்தைக்கு வலியாகிறது. கூரிய குரலில் அழுதல், ஓயாத உறக்கம், வலிப்பு ஆகியனவும் எச்சரிக்கைகளே. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைக்குக் காய்ச்சலுக்கு மாறாக உடல் சில்லிட்டும் போகலாம்.

மருத்துவமனையில்

இத்தகைய குறிகள் தோன்றியதும் 108 அவசர ஊர்தியை அழைத்து அரசு மருத்துவமனையை அடைதல் வேண்டும். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி, மூளைத்தண்டுவட நீரை எடுத்துச் சோதிப்பர். ‘முதுகில் ஊசி போட்டால் கால் முடங்கிவிடும்’ என அஞ்சிப் பெற்றோர் சிலர் மறுப்பதுண்டு. தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேயே ஊசி செலுத்தப்படுவதால் அவ்வச்சம் தேவையற்றது.

மருந்து பாதி, பேணுதல் பாதி. நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளைக் குறித்த நேரம் தவறாமல் செலுத்துதல் செவிலியரின் முதற்கடமை. ஒளியும் ஓசையும் குறைந்த அறையில் குழந்தையைக் கிடத்துவர். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவர். வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு, விழிப்புநிலை, கண்மணியின் அளவு ஆகியவற்றை அடிக்கடி குறிப்பர். கைக்குழந்தையின் தலைச்சுற்றளவையும் அளப்பர். உட்கொண்ட நீரையும் வெளியேறிய நீரையும் கணக்கிடுவர். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பர். கையில் இரும்பைத் திணிப்பதோ வாயில் எதையேனும் வைப்பதோ கூடாது. நினைவு தெளியாத குழந்தைக்கு வாய்வழியே எதுவும் புகட்டலாகாது. நோய் நீங்கிய பின்னரும் செவித்திறனைச் சோதித்தல் இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்

ஹிப் என்னும் பாக்டீரியாவிலிருந்தும் காக்கும் ஐந்திணைத் தடுப்பூசி, இந்தியாவில் முதன்முதலாகத் தமிழகத்திலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் அறிமுகமானது. இது 6, 10, 14ஆம் வாரங்களில் போடப்படுகிறது. பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசி, குழந்தைகளுக்குக் காசநோயால் வரும் மூளையுறை அழற்சியைத் தடுக்க உதவுகிறது. நிமோகாக்கல் தடுப்பூசி 2021ஆம் ஆண்டு தமிழகத்தின் அட்டவணையில் சேர்ந்தது.

அத்தாய் அன்றிரவே புறப்பட்டால், அவளுக்குத் துணையாவது உற்றுநோக்கிப் பெற்ற அறிவு. அவ்வறிவு மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. தம்பி தங்கையரைத் தூக்கி வளர்க்கும் மாணவர்க்கும் உரியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கிராமச் சுகாதாரச் செவிலியரைச் சந்தித்துத் தடுப்பூசி அட்டவணையைக் கேட்டறிந்து சுவரொட்டியாக எழுதுக.
2. ‘மருந்து பாதி, பேணுதல் பாதி’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.