நிலப்படமும் குறிச்சிப் பெயர்களும்

ஊரின் பெயர் நிலப்படத்தில் உண்டு. ஊருக்குள் வழங்கும் பெயர்களுட் பல அங்கே இல்லை. குறிச்சி, காணி, கேணி, ஒழுங்கை என்பவற்றின் பெயர்கள் உறுதிகளிலும் முதியோர் நாவிலுமே வாழ்கின்றன.

இதற்குக் காரணம் படத்தின் அளவுத்திட்டமே. 1:50,000 அளவுப் படத்தில் 1 மில்லிமீற்றர் நிலத்தில் 50 மீற்றராகும். 10 பேர்ச் கொண்ட ஒரு பரப்புக் காணி சதுரமாயின், அதன் பக்கம் ஏறத்தாழ 16 மீற்றர். படத்தில் அது வெறும் புள்ளி. புள்ளியிற் பெயர் எழுதுதல் எங்ஙனம்? ஆகவே படத்துக்குத் துணையாகப் பெயரேடு ஒன்று வேண்டும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் கோயிற்பற்று வாரியாகக் காணிகளைப் பதிந்தமை இவ்வகையில் நமக்கு முன்மாதிரியாகும்.

அயர்லாந்து தேசத்தில் 1824இல் தொடங்கிய நில அளவையும் இவ்வழியையே கொண்டது. ஜோன் ஓடொனவன் என்னும் அறிஞர் 1830 முதல் அப்பணியில் ஈடுபட்டு, ஊர்தோறும் சென்று, முதியோர் உச்சரிப்பைக் கேட்டுப் பெயரேடுகளில் எழுதினார். அச்சிட்ட படங்களில் ஆங்கில எழுத்துக்கு இசைந்த வடிவங்களே இடம்பெற்றன. ஐரிஷ் வடிவங்கள் பலவற்றை ஏடுகளே காத்தன.

நமக்கும் அவ்விடர் உண்டு. உரோம எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். அளவெட்டியின் ளகரமும் தெல்லிப்பழையின் ழகரமும் அவ்வெழுத்தில் வேறுபாடின்றி நிற்கும். எனவே பெயரை முதலில் தமிழிலேயே பதிதல் வேண்டும்.

பதியும் முறை வருமாறு: அவ்விடத்திலேயே நின்று கேட்க. ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிடுக. பேச்சு வடிவத்தையும் உறுதியில் உள்ள வடிவத்தையும் தனித்தனியே எழுதுக; ஒன்றால் மற்றதைத் திருத்தற்க. நான்கெல்லையையும் குறிக்க. பொருள் ஆராய்தல் இறுதியிலேயே ஆகும். கலட்டி கற்பாங்கான நிலத்தையும், பிட்டி மேட்டையும், துறை கரைசேரும் இடத்தையும் காட்டும். பொருளை முன்னரே தீர்மானித்தோர் காதாற் கேட்டதையும் மாற்றி எழுதிவிடுவர்.

இது பழமை ஆர்வத்துக்காக மட்டும் செய்யத்தக்க பணியன்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர், ஆண்டுகள் பல கழிந்து மீண்டபோது, வேலியும் ஒழுங்கையும் அழிந்துபோன இடங்கள் இருந்தன. அங்கே உறுதியில் எழுதிய காணிப் பெயரை நிலத்தோடு பொருத்திக் காட்ட, அப்பெயர் அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது. அத்தகையோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

மாணாக்கர் ஒவ்வொருவரும் தத்தம் குறிச்சிப் பெயர்களைக் கேட்டு எழுதுவாராக. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் தாம் விளையாடித் திரிந்த வளவுகளின் பெயர்களை எழுதி அனுப்புவாராக. கேட்டு எழுதுதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். சொல்லுதற்கு உரியோர் இருக்கும்போதே அது நிகழ்தல் வேண்டும்.