ஆவின் துயரும் அரசன் அறமும்

மக்கட் பிறவி கிடைத்தற்கு அரியது என்று நூல்கள் கூறுகின்றன. அதனால் மனிதன் ஏனைய உயிர்களினும் அறத்தால் உயர்ந்தவன் என்று பலரும் கொள்வர். அங்ஙனம் கொள்ளுதல் எவ்வளவு பொருந்தும் என்பது ஆராய்தற்குரியது.

தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து, ஆறாவதாகிய மன உணர்வை மக்கட்கு உரியதாக்குகிறது. ஆயினும் விலங்குகளுள் ஒரு சாரனவற்றுக்கும் அவ்வறிவு உண்டு என்னும் நூற்பாவும் அங்கே காணப்படுகிறது. கிளி, குரங்கு, யானை முதலியவற்றை உரைகாரர் காட்டுவர். சைவ சித்தாந்தமோ மனிதனையும் விலக்காது உயிர்கள் அனைத்தையும் 'பசு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது.

திருவானைக்காவில் வெண்ணாவலின் கீழ் எழுந்தருளிய பெருமானை யானை ஒன்று துதிக்கையால் நீர் முகந்து ஆட்டி, மலர் சூட்டி வழிபட்டது. இறைவன் திருமேனியில் சருகு உதிராதவாறு சிலந்தி ஒன்று மேலே வலை பின்னியது. யானை அவ்வலையைத் தூய்மைக்கு இழுக்கு என்று கருதிச் சிதைத்தது. மீண்டும் பின்னியதையும் அழிக்கவே, சிலந்தி சினந்து துதிக்கையுள் புகுந்து கடித்தது. இரண்டும் மடிந்தன. அன்பில் இரண்டும் குறைந்தன அல்ல. ஒன்றன் தொண்டு மற்றொன்றுக்குக் குப்பையாகத் தோன்றியதே கேட்டிற்கு மூலம். திருக்கோயில்களில் முதல் மரியாதைக்காக வழக்காடுவோர் இவற்றை அஃறிணை என்று இகழ்தல் இயலுமோ?

பக்தியும் சினமும் விலங்குக்கும் உண்டெனின், மனிதனுக்கென எஞ்சுவது யாது? பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில் சேக்கிழார் பெருமான் கூறும் மனுநீதிச் சோழர் வரலாறு இங்கே நினைக்கத் தக்கது.

திருவாரூர் வீதியில் இளவரசன் தேரேறி வருகையில், துள்ளி வந்த கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. பசுவைக் கொன்றார்க்கு மறைநூல் விதித்த கழுவாயை இளவரசனுக்குச் செய்வித்தல் போதும் என்றனர் அமைச்சர். அவர்கள் நூலறியாதார் அல்லர், பொய்யும் கூறிற்றிலர். ஆனால் ஆறாவது அறிவு அவர்களுக்கு அன்று விலக்குத் தேடவே பயன்பட்டது.

அரசர் வினவியவை இரண்டு. கன்றை இழந்து அலறும் பசுவின் நோய்க்கு அக்கழுவாய் மருந்தாகுமோ? பிறன் ஒருவன் உயிர்க்கொலை புரியின் அவனைக் கொன்றுவிட்டு, தம் மகனுக்கு மட்டும் கழுவாய் விதிப்பது முறையோ? அப்பசு உற்ற துயரைத் தாமும் உறுதலே தமக்குரிய தருமம் என்று துணிந்தார். சிலந்தி தனக்கு நேர்ந்த இழப்புக்காகச் சினந்தது. இவரோ, வாய்பேசா ஓர் உயிரின் இழப்பை அளவாகக் கொண்டு தம் ஒரே மகன்மேல் தீர்ப்பு உரைத்தார். வேறு எவ்வுயிரிடத்தும் காண்டற்கரிய செயல் இது. மனிதரிடத்தும் எத்தனை முறை கண்டோம்? ஏவப்பெற்ற மந்திரி அச்செயலுக்கு இசையாது தன்னுயிரை நீத்தான். அரசர் தாமே தேரைச் செலுத்தினார்.

திருவாரூர்க் கோயிலுக்கு வெளியே உள்ள கல்தேர் இவ்வரலாற்றை நினைவூட்டி நிற்கிறது.

வீதிவிடங்கப் பெருமான் காட்சி தந்தருள, மாண்டவர் எழுந்தனர். அவர்களை எண்ணும்போது சேக்கிழார் பசுவின் கன்றையே முதலில் வைக்கிறார். அடுத்து வரும் இளவரசனையும் 'கன்று' என்றே கூறுகிறார். மந்திரி அதன் பின்னரே வருகிறான். மகனை மார்புறத் தழுவி அரசர் மகிழ்ந்ததும், கன்று உண்டு களிக்க நிலம் நனையப் பால் சொரிந்து பசு துயர் நீங்கியதும் ஒரே பாட்டில் அமைந்துள்ளன.