ஏடும் ஆடுகளமும்

பிள்ளைகள் மாலையில் திடலுக்குச் சென்றால் படிப்புக் கெட்டுவிடும் எனப் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் சரிதானா?

முதலாவது இளையோர் ஒலிம்பிக் போட்டி 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 முதல் 26 வரை சிங்கப்பூரில் நடைபெற்றது. 14 முதல் 18 வயது வரையிலான ஏறத்தாழ 3,600 விளையாட்டாளர்கள் 26 வகை விளையாட்டுகளில் பங்கேற்றனர். போட்டிகளுடன் கல்வி, பண்பாட்டு நிகழ்ச்சிகளும் இணைக்கப்பட்டிருந்தன. நல்ல உணவுப் பழக்கம், ஊக்கமருந்தின் கேடு முதலியவற்றை இளையோர் அங்குக் கற்றறிந்தனர். சில போட்டிகளில் வெவ்வேறு நாட்டவர் ஒரே குழுவாகக் களமிறங்கினர்.

சரவாக் மாநிலத்தின் பண்டெலெலா ரினோங் அப்போது 17 வயது நங்கை. முக்குளிப்பில் இரண்டு வெள்ளிப் பதக்கங்களை வென்றார். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்று, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் மலேசியப் பெண்மணி ஆனார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் பட்டமும் பெற்றார். விளையாட்டு அவரது கல்விக்குத் தடையாக இருக்கவில்லை.

பதக்கம் எல்லாருக்கும் கிட்டாது. ஆயினும் நேரந்தவறாமை, கட்டொழுங்கு, தோல்வியைத் தாங்கும் மனவுறுதி ஆகியவற்றைத் திடலில் எல்லாரும் பெறலாம். இவை படிப்புக்கும் துணை நிற்பவை.

ஆகவே பெற்றோர்களே, படிப்புக்கு ஒரு நேரம், விளையாட்டுக்கு ஒரு நேரம் என வகுத்துக் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் அவ்வாய்ப்பை மறுக்காதீர்கள்.