'புரியுது' என்று சொல்லும் முன்

அன்புத் தங்கைக்கு,

அடுத்த வாரம் மனநல ஆலோசகராகப் பணியில் சேர்கிறாய். உன் படிப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 'புரியுது' என்கிற ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

நான் வேலைக்கு வந்த முதல் வருஷம் அது. ஓபியில் ஒரு அம்மா எதிரே உட்கார்ந்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றுவார், பிரிப்பார், மறுபடி சுற்றுவார். "நெஞ்சுல ஏதோ வந்து அடைக்குதும்மா" என்றார். மகன் இறந்து மூன்று மாதம் என்று சீட்டில் இருந்தது. "புரியுதும்மா, பெத்த வயிறாச்சே" என்றேன். சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது. தலையாட்டினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். "அன்னிக்கே சொல்லத்தான் வந்தேன். புரியுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, விட்டுட்டேன்" என்றார். தினமும் குடித்துவிட்டு வந்து அடித்த மகன். அவன் போனதும் அவருக்குள் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் நெஞ்சை அடைத்தது. நானோ ஊரே எதிர்பார்க்கும் துக்கத்தை அவர் கையில் கொடுத்து, வாயை அடைத்துவிட்டிருந்தேன்.

(அவரிடம் கேட்டு, அடையாளம் மாற்றித்தான் இதை எழுதுகிறேன். நீயும் அப்படியே செய். கேட்ட கதை நம்முடையது அல்ல.)

பெரிய மேதைகளுக்கும் இந்தச் சறுக்கல் நேர்ந்திருக்கிறது. 1921இல் சுவிட்சர்லாந்தில் மனநல மருத்துவர் லுட்விக் பின்ஸ்வாங்கரின் மருத்துவமனையில் ஒரு பெண் இருந்தார். உணவோடும் தன் உடலோடும் பல வருஷம் போராடியவர். மருத்துவர்கள் கூடிப் பேசி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாளில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து பின்ஸ்வாங்கர் அவருக்கு 'எல்லன் வெஸ்ட்' என்று பெயர் சூட்டி நீண்ட ஆய்வு எழுதினார். அவருடைய வாழ்வின் நிறைவே அந்தச் சாவுதான் என்கிற அளவுக்கு அவரை 'புரிந்துகொண்டார்'. அந்தப் பெண்ணை யாரும் சக மனுஷியாக நெருங்கவே இல்லையே என்று பின்னாளில் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் வருந்தினார். அழகாகப் புரிந்துகொள்வது வேறு, பக்கத்தில் இருப்பது வேறு.

இன்னொரு பக்கமும் உண்டு. சிலருடைய அனுபவம் நமக்கு எட்டவே எட்டாது. மனநல மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ் 1913லேயே இதை எழுதியிருக்கிறார். அப்படி நமக்கு எட்டாத மனிதரை என்ன செய்வது? கட்டிப்போட்டதும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பிடித்த தீயில் 28 பேர் கருகினார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. நமக்குப் புரிந்தால்தான் ஒருவர் மனிதர் என்கிற எண்ணத்தை எந்தச் சட்டமும் தடை செய்ய முடியாது. அதை நீயும் நானும்தான் நமக்குள் தடுக்க வேண்டும்.

ஆகவே சில பழக்கங்களை இப்போதே கைக்கொள். 'நெஞ்சு அடைக்குது' என்றால் அதையே சீட்டில் முதலில் எழுது. 'டிப்ரஷன்' என்பது அதற்குக் கீழே வரட்டும். கூட வந்தவர் பதில் சொன்னால் பொறுமையாகக் கேள், பிறகு அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, உதவி தேடி வந்தவரிடம் தனியாகப் பேசு. கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "நான் சொல்றது சரியாம்மா?" என்று கேள். உனக்குப் புரிந்ததா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். சாவைப் பற்றிய சாயல் பேச்சில் தட்டினால் சுற்றி வளைக்காதே, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் வந்துவிடாது. பல பேருக்கு அது பாரத்தை இறக்கிவைக்கக் கிடைத்த திண்ணை.

அந்த அம்மா இரண்டாவது முறை வந்தது என் திறமையால் அல்ல, அவருடைய பெருந்தன்மையால். எல்லோரும் இரண்டாவது முறை வருவதில்லை, தங்கையே. முதல் முறையே கேட்டுவிடு.

அன்புடன்,
உன் அக்கா