அவங்களுக்கு எந்தப் புத்தகம்? எடுத்துக் கொடுக்கறவங்களுக்கு அக்காவோட டிப்ஸ்

கண்ணுங்களா, இந்தத் தடவை வாசிப்புச் சவாலுக்கு அவங்கவங்க புத்தகத்தை அவங்கவங்களே எடுத்துக்கறதில்லன்னு முடிவு பண்ணியிருக்கீங்க. சீட்டு எழுதிக் குலுக்கி, யார் பேர் வருதோ அவங்களுக்கு நாம ஒரு புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கணும். நல்ல முடிவு. தானே எடுத்துக்கிட்டா பழகின அலமாரியைத் தாண்டி யாரும் போறதில்ல. ராஜேஷ்குமார் படிக்கறவர் அடுத்த ராஜேஷ்குமாரைத் தேடுவார், ரமணிசந்திரன் படிக்கறவங்க அடுத்த ரமணிசந்திரனைத் தேடுவாங்க. தப்பே இல்ல. ஆனா இன்னொருத்தர் கையால வர்ற புத்தகம்தான் நாம போகாத தெருவுக்குக் கூட்டிட்டுப் போகும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். புத்தகம் பாதியில நின்னுபோச்சுன்னா படிச்சவங்களைக் குறை சொல்லாதீங்க. எடுத்துக் கொடுத்தவங்கதான் பொறுப்பு. இந்தச் சவால்ல பெரிய வேலை அவங்களோடதுதான். நான் சொல்லப்போறது பூரா அந்த வேலையைப் பத்தி.

முதல்ல ஆளைப் பாருங்க

நம்ம சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல நூலகத்துக்குன்னு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகர்கள் இன்னிக்கும் அதைப் பாடமாப் படிக்கறாங்க. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குன்னு ஒரு புத்தகம் உண்டு, வாசகரோட நேரத்தை வீணாக்கக் கூடாதுங்கற ரெண்டும் அதுல அடக்கம். நம்ம சவாலுக்கு இந்த ரெண்டே போதும்.

சீட்டுல பேர் வந்ததும் புத்தக அலமாரி பக்கம் போகாதீங்க. அவங்க வீட்டுக்குப் போங்க. என்ன புத்தகம் பிடிக்கும்னு கேட்டா யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க, பெரிய பேரா ரெண்டு சொல்லிட்டு நிறுத்திப்பாங்க. அதுக்குப் பதிலா வேற மாதிரி கேளுங்க. ஒரு நாள்ல எப்போ உட்கார்றீங்க? எந்தப் படத்தை ரெண்டு தடவை பார்த்தீங்க? கடைசியா எந்தப் புத்தகத்தைப் பாதியில வெச்சீங்க, எந்த இடத்துல? கண்ணாடி போடணுமா, எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்? இப்போதைக்கு எதைப் பத்திப் படிக்கவே மனசு வராது? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் தனியா இருக்கும்போது கேளுங்க, கூட்டத்துல கேக்காதீங்க.

நம்ம புதுச்சேரி வைத்திக்குப்பத்துல மீன் விக்கற ஒரு அக்கா பேர் உங்களுக்கு வந்திருக்குன்னு வெச்சுக்கோங்க. விடியறதுக்கு முன்னாடி தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போய் ஏலத்துல மீன் எடுத்து, ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவுல பெரிய மார்க்கெட்டுக்கு வந்து உட்கார்றாங்க. வித்து முடிச்சு வீடு வந்து சேரும்போது மதியம் தாண்டிடும். அப்புறம் சமையல், பாத்திரம், சுயஉதவிக் குழுக் கூட்டம். சீரியல் போடறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் கிடைச்சா அதிகம். அவங்க கையில எழுநூறு பக்க நாவலைக் கொடுத்தா, போன தடவை எங்க விட்டோம்னு தேடறதுலயே அந்த அரைமணி போயிடும்.

அவங்களுக்குச் சிறுகதைத் தொகுப்பு கொடுங்க. ஒரு தடவை உட்கார்ந்தா ஒரு கதை முடியணும். அம்பையோட 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கொடுங்க. கி.ரா.ங்கற கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள்ல ஒரு சின்னத் தொகுதி கொடுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி நியூஸ்பேப்பர்ல நல்லா அட்டை போட்டு, மூலையை மடிச்சு உள்ள சொருகுங்க. மீன் கழுவின கை எவ்வளவு துடைச்சாலும் ஈரம் இருக்கும், ஒரு செதில் எங்கயாவது ஒட்டியிருக்கும். இரவல் புத்தகம் அழுக்காயிடுமோன்னு பயந்தே தொடாதவங்க நிறைய பேர் உண்டு. அழுக்கான அட்டையைக் கழட்டி வேற போட்டுக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க. அப்புறம் பாருங்க, எப்படிப் படிக்கறாங்கன்னு.

கடலோரத்து ஆளுக்குக் கடல் கதையா?

குப்பத்து ஆளுன்னாலே கடல் நாவலைத் தூக்கிக் கொடுக்கற பழக்கம் பல பேருக்கு இருக்கு. நிதானிச்சுச் செய்யுங்க. நாள் பூரா கடலைப் பார்த்துட்டு வர்றவருக்குக் கரிசல் காட்டு வெயில் மேல ஆசை இருக்கலாம், ரஷ்யப் பனி மேல ஆசை இருக்கலாம்.

இன்னொண்ணு அதைவிட முக்கியம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இந்தக் கரையோரத்துக்குச் செய்தித்தாள் படிச்சுத் தெரிஞ்ச நாள் இல்ல. அன்னிக்கு யாரை இழந்தாங்க, அதுக்கு அப்புறம் யார் கடலுக்குப் போய்த் திரும்பலன்னு தெரிஞ்சுக்காம புத்தகம் எடுக்காதீங்க. ஜோ டி குரூஸோட 'ஆழி சூழ் உலகு' பெரிய நாவல், அந்தச் சுனாமி வந்த அதே 2004-ல வெளியானது. ஆனா அதுல படகு கவிழ்ந்து நடுக்கடல்ல உயிருக்குத் தத்தளிக்கறவங்க கதை புத்தகம் நெடுக வரும். அதை முன்கூட்டியே சொல்லிட்டுக் கொடுங்க. கதையைச் சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிடுமேன்னு நினைக்காதீங்க. சாவு, குழந்தைச் சாவு, பெண்ணுக்கு நடக்கற கொடுமை, தற்கொலை, இதெல்லாம் உள்ள இருந்தா ஒரே வரியில சொல்லிடணும். வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும். ஏன்னு கேக்காதீங்க.

அதே சமயம், ஆள் பார்த்துக் கொடுத்தா கடல் புத்தகத்துக்கு ஈடில்ல. ஹெமிங்வேயோட 'கடலும் கிழவனும்' தமிழ்ல கிடைக்குது. நூறு பக்கம் சொச்சம்தான். எண்பத்தி நாலு நாள் மீனே படாத ஒரு கிழவன் கதை. தூண்டில் எத்தனை பாகம் இறங்கும், கயிறு கையை எப்படி அறுக்கும்னு தெரிஞ்ச ஒரு தாத்தாகிட்ட அதைக் கொடுத்துப் பாருங்க. இந்த இடம் சரியாச் சொல்லியிருக்கான், இந்த இடத்துல நாங்கன்னா வேற மாதிரி செய்வோம்னு அவர் பேச ஆரம்பிச்சா, நீங்க எல்லாரும் வாயை மூடிட்டுக் கேக்க வேண்டியதுதான். குழுவுல எப்பவும் ஓரமா உட்கார்றவரை நடுவுல உட்கார வைக்கணும்னா, அவருக்கு நம்மைவிட அதிகம் தெரிஞ்ச விஷயத்துல புத்தகம் கொடுக்கணும். வண்ணநிலவனோட 'கடல்புரத்தில்', ராஜம் கிருஷ்ணனோட 'அலைவாய்க் கரையில்', தகழியோட 'செம்மீன்' (சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பு) மூணும் கைக்கு அடக்கமானவை. மூணுலயும் வர்றது நம்ம கரை இல்ல, வேற கடற்கரை. நம்ம கரையில அப்படி இல்லன்னு ஒரு சண்டை கட்டாயம் வரும், வரட்டும்.

சவாலை எப்போ வைக்கணும்

நம்ம பக்கம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆளுங்க கரையில இருப்பாங்க. பிள்ளைங்களுக்கும் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டிருக்கும். சவாலுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஃபைபர் போட்டுல போறவங்களுக்குத் தடை இல்ல, அவங்க வழக்கம்போல போவாங்க. அவங்களுக்குக் கூடுதல் நாள் கொடுங்க. தடைக்காலம்னா கையில காசு ஓட்டமும் குறைவுங்கறதை மறக்காதீங்க. ஆளுக்கொரு புதுப் புத்தகம் வாங்கணும்னு சட்டம் போட்டா பாதிப் பேர் கௌரவத்துக்குப் பயந்து விலகிடுவாங்க.

வலை பின்னற இடத்துல ஒருத்தர் உரக்கப் படிக்க, மத்தவங்க கை வேலையோட கேக்கட்டும். அதையும் படிச்சதாவே கணக்குல சேருங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படற பெரியவங்க இதனாலயே உள்ள வருவாங்க. அப்படிப் படிக்கறதுக்குப் புத்தகம் எடுக்கறவங்க, வாய்விட்டு ரெண்டு பக்கம் தானே படிச்சுப் பார்த்துட்டு எடுக்கணும். கண்ணுக்கு நல்லா இருக்கற வாக்கியம் எல்லாம் நாக்குல நிக்காது. கி.ரா. நிப்பார். அவர் எழுத்தே பேச்சுதான்.

மாசி மகத்தை ஒட்டி எந்தக் கெடுவும் வைக்காதீங்க. மயிலத்துல இருந்தும் திண்டிவனத்துல இருந்தும் சாமிங்க தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வர்ற நேரம். வீடு நிறைய விருந்தாளி இருப்பாங்க.

காசும் கிடைக்கற இடமும்

புத்தகத்தோட பேரைச் சொல்றதுக்கு முன்னாடி அது கிடைக்குதான்னு பார்க்க வேண்டியது எடுத்துக் கொடுக்கறவங்க கடமை. அச்சுல இல்லாத அருமையான நாவலைச் சொல்லிட்டு, தேடிக்கோன்னு விடறது உதவி இல்ல. 1827-ல பிரெஞ்சுக்காரங்க காலத்துல தொடங்கின நூலகம்தான் இன்னிக்கு ரோமன் ரோலண்ட் நூலகம். வைத்திக்குப்பத்துல இருந்து சைக்கிள்லயே போயிடலாம். உறுப்பினர் ஆகறதுக்கு என்ன வேணும்னு நேர்ல கேட்டு, குழுவுல ரெண்டு மூணு பேராவது அட்டை வாங்கிடுங்க. இணையத்துல மதுரைத் திட்டம் 1998-ல இருந்து பழைய தமிழ் நூல்களை இலவசமாப் போட்டுட்டு வருது. பாரதி, பாரதிதாசன், புதுமைப்பித்தன்னு செல்போன்லயே படிக்கலாம். டிசம்பர்ல இங்க நடக்கற புத்தகக் கண்காட்சியில கழிவு உண்டு, அடுத்த வருஷத்துக்கான பட்டியலை அப்பவே யோசிச்சு வெச்சுக்கோங்க.

நம்ம ஊர்ல பல வீட்டுல பிரான்ஸ்ல ஒரு அத்தையோ மாமாவோ இருப்பாங்க. அவங்களையும் சேர்த்துக்கோங்க, அவங்களுக்குத்தான் தமிழ்ப் புத்தகத்துக்கு ஏக்கம் அதிகம். ஆனா தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிடும். மின்னூலா கிடைக்கறதை மட்டும் தேர்ந்தெடுங்க.

நம்ம ஊர்க்காரங்க எழுதினது

குழுவுல ஒரு சீட்டாவது புதுச்சேரி எழுத்துக்குப் போகணும்னு நான் கேட்டுக்கறேன். பிரபஞ்சன் இந்த ஊர்ல பிறந்தவர். 'வானம் வசப்படும்' 1995-ல சாகித்ய அகாடமி விருது வாங்கினது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வெச்ச நாட்குறிப்பைப் பிடிச்சுக்கிட்டு வளர்ந்த நாவல். அதுக்கு முன்னால வர்ற 'மானுடம் வெல்லும்' நாவலை முதல்ல கொடுங்க, அடுத்தது தானா வரும். சரித்திரக் கதைன்னா பொன்னியின் செல்வனோட நின்னுபோனவங்களுக்கு இது சரியான அடுத்த படி. நாம தினமும் நடக்கற தெருவுல துபாஷியும் கவர்னரும் நடக்கறதைப் படிச்சா, புத்தகம் படிக்காதவங்களும் படிப்பாங்க.

நேரமே இல்லன்னு சொல்றவங்களுக்குப் பாரதியோட 'குயில் பாட்டு' கொடுங்க. 1908-ல இருந்து 1918 வரைக்கும் அவர் இங்க இருந்த காலத்துல எழுதினது. ஒரே சாயங்காலத்துல முடிச்சிடலாம். கி.ரா. கரிசல்காரர்தான், ஆனா கடைசி வரைக்கும் இங்கயே வாழ்ந்து 2021-ல இங்கயே கண்ணை மூடினார். அவரோட 'கோபல்ல கிராமம்' குடும்பத்தோட படிக்கத் தோதானது.

கொடுத்ததோட வேலை முடியல

எடுத்துக் கொடுக்கறவங்க அந்தப் புத்தகத்தை முன்னாடியே படிச்சிருக்கணும். விருதுப் பட்டியலைப் பார்த்துக் கொடுக்கறது, யாரோ சொன்னாங்கன்னு கொடுக்கறது எல்லாம் வேணாம். அவங்க படிக்கும்போது நீங்களும் கூடவே மறுபடி படிங்க. முதல் பக்கத்துல ஒரு துண்டுச் சீட்டு வைங்க. இதை உங்களுக்கு ஏன் எடுத்தேன்னு நாலு வரி, எந்தப் பக்கத்துக்கு அப்புறம் கதை சூடு பிடிக்கும்னு ஒரு வரி. முப்பது பக்கம் பொறுத்துக்கோங்க, கல்யாண வீடு வந்ததும் விட மாட்டீங்கன்னு எழுதியிருந்தா, அந்த முப்பது பக்கத்தை மனசு சலிக்காம தாண்டுவாங்க.

ஐம்பது பக்கம் படிச்சும் ஒட்டலன்னா திருப்பிக் கொடுக்க உரிமை இருக்கணும். காரணம் கேக்காம வேற புத்தகம் கொடுங்க. எப்பவும் ரெண்டு மூணு புத்தகம் யோசிச்சு வெச்சுட்டு, அதுல எதுன்னு அவங்களையே தொடச் சொல்றது இன்னும் நல்லது.

ஒரு விஷயத்துல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். யாரையும் திருத்தறதுக்காகப் புத்தகம் கொடுக்காதீங்க. குடிக்கற மாமாவுக்குக் குடியைப் பத்தின நாவல், குண்டா இருக்கற பொண்ணுக்கு டயட் புத்தகம், வேலை இல்லாத தம்பிக்குத் தன்னம்பிக்கைப் புத்தகம், இதெல்லாம் நாலு பேர் முன்னாடி அவங்களைக் குத்திக் காட்டறது. அந்தத் தம்பிக்கு ஒரு நல்ல துப்பறியும் கதை கொடுங்க, ராத்திரி நிம்மதியாப் படிக்கட்டும்.

கூடிப் பேசற நாள்ல கேள்வித்தாள் மாதிரி கேக்காதீங்க. புதுச்சேரியில ஜெயமோகனோட 'வெண்முரசு' வாசகர்கள் மாசம் ஒரு தடவைன்னு கூடுகை நடத்தினாங்க. 2014-ல இருந்து 2020 வரைக்கும் எழுதின, 26 நாவல் கொண்ட வரிசை அது. அத்தனை பெரியதைத் தாங்கிப் பிடிச்சது, மாசாமாசம் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கிட்டு, அதைப் படிச்ச ஒருத்தர் முதல்ல பேசற ஏற்பாடுதான். நம்ம குழுவுக்கும் அது பொருந்தும். புத்தகத்தைப் படிச்சவர் முதல்ல பேசட்டும். எடுத்துக் கொடுத்தவர் அவர் முடிக்கற வரைக்கும் குறுக்க பேசக் கூடாது. பிடிக்கலன்னு சொன்னா முகம் சுளிக்கவும் கூடாது.

ஏப்ரல் 15-க்குத் தொடங்கணும்னா பங்குனிக்குள்ள சீட்டு எழுதிடுங்க. பேர் வந்த அன்னிக்கே அவங்க வீட்டுக்குப் போய் ஒரு டீ குடிச்சுட்டுப் பேசிட்டு வாங்க. போன்ல கேக்காதீங்க.