துரை வீட்டு அப்புவின் மௌனம்

வரக்காப்பொலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் பங்களா வேலை என்றால் அதற்குத் தனி மதிப்பு இருந்தது. விடியற்காலையில் பால்வெட்டப் போக வேண்டியதில்லை, உடுப்பும் வெள்ளை. ஆனால் துரை ஏசினாலும், விருந்துக்கு வந்தவர்கள் இகழ்ந்தாலும், முகத்தில் ஒன்றும் காட்டாமல் தட்டை ஏந்தி நிற்பவரே நல்ல அப்பு எனப்பட்டார். 1975இல் வெள்ளையர் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் போனார்கள். அந்த முகத்தை மட்டும் நம்மில் பலர் இன்னும் வைத்திருக்கிறோம்.

இப்படி ஒருவரின் கதையே 1989இல் புக்கர் பரிசு பெற்ற 'த ரிமெய்ன்ஸ் ஒஃப் த டே' என்னும் ஆங்கில நாவல். எழுதியவர் ஜப்பானின் நாகசாக்கியில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்து சென்ற கசுவோ இஷிகுரோ. 2017இல் நோபல் பரிசும் பெற்றார்.

கதாநாயகர் ஸ்டீவன்ஸ், டார்லிங்டன் பிரபுவின் மாளிகையில் தலைமைப் பணியாளர். 1923இல் அங்கே பெரியதொரு மாநாடு நடக்கிறது. அதே வேளை மாடியறையில் அவருடைய தந்தை மரிக்கிறார். ஸ்டீவன்ஸ் கீழே விருந்தினருக்கு மது பரிமாறிக்கொண்டே இருக்கிறார். அழுகிறாயா என்று பிரபு கேட்க, வேலைக் களைப்பு என்கிறார். பிற்காலத்தில் இதை நினைத்து அவர் பெருமைப்படவும் செய்கிறார்!

கடமையைக் குறை சொல்ல வரவில்லை. ஊழியன் தன் கடமையைச் செய்வதைப் பற்றி ஆண்டவரே லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். ஆனால் 1932இல் நடந்ததைப் பாருங்கள். யூதப் பெண்கள் என்ற ஒரே காரணத்துக்காக இரு பணிப்பெண்களை நீக்கும்படி பிரபு கட்டளையிடுகிறார். அது அநீதி என்று ஸ்டீவன்ஸின் உள்ளம் சொல்கிறது. வாயோ கட்டளையை அப்படியே ஒப்புவிக்கிறது. வீட்டுப் பராமரிப்பாளரான மிஸ் கென்டன் கொதிக்கிறார், தானும் விலகுவேன் என்கிறார். போவதற்கு இடமில்லாததால் தங்கிவிட்டு, தன்னைக் கோழை என்று நொந்துகொள்கிறார்.

ஓராண்டுக்கு மேல் கழித்து, பிரபு தம் தவறுக்கு வருந்திய பிறகுதான், எனக்கும் அன்று மனம் நொந்தது என்று ஸ்டீவன்ஸ் வாய் திறக்கிறார். அதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்கிறார் மிஸ் கென்டன். நியாயமான கேள்வி. அடக்கிய துயரம் அவரை மட்டும் வருத்தியிருந்தால் அதைப் பொறுமை என்று மெச்சலாம். இங்கே அது கூட வேலை செய்த ஒருத்தியைத் தனியாளாக்கியது. இரு ஏழைப் பெண்களைக் கைவிட்டது.

மிஸ் கென்டனின் அன்பையும் அவர் இப்படியே இழந்தார். 1956இல், இன்னொருவரின் மனைவியாகிவிட்ட அவரைச் சந்தித்துத் திரும்பும் வழியில், கடற்கரையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஸ்டீவன்ஸ் அழுகிறார். பிரபுவாவது தாமே தேர்ந்து தவறு செய்தார், தமக்கு அந்தத் தவறும் சொந்தமில்லையே என்பதுதான் அவர் புலம்பல்.

இந்த வாரம் குடும்பமாக லூக்கா 7:1-10 வாசியுங்கள். நூற்றுவர் தலைவன் ஆள் அனுப்புகிறான், மூப்பர் மன்றாடுகிறார்கள், நண்பர்கள் தூது வருகிறார்கள். நோயுற்ற பணியாளன் மட்டும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவன் படும் பாட்டைத் தலைவனே அறிந்து பிறரிடம் சொல்லி அனுப்புகிறான்.

கொழும்பில் வீட்டு வேலைக்கு நிற்கும் பிள்ளை நத்தாருக்கு வந்ததும், சுகமா என்று கேட்பீர்கள். சுகம் என்றுதான் பதில் வரும். அன்றிரவு சாப்பாடு முடிந்து மற்றவர்கள் படுத்த பிறகு, பக்கத்தில் இருந்து இன்னொரு முறை கேளுங்கள்.