டிராக்டர் பாட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறதா?

மானாவாரி நிலத்தில் ஒரு மழை பெய்தால் உழவுக்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். அந்த நேரம் பார்த்து டிராக்டரில் செல்ப் எடுக்காமல் போனால், ஆளைக் கூட்டித் தள்ள வேண்டியதாகிவிடும். பாட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, கடன் வாங்கிப் புதிது போடுவோர் உண்டு. சில வாரங்களில் புதியதும் அதேபோல் படுத்துவிடும். கோளாறு பல சமயம் பாட்டரியில் இருப்பதில்லை. ஒயரிலோ, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ, முனைகளில் பூத்திருக்கும் உப்பிலோ இருக்கும். ஆகவே பணத்தைச் செலவிடுமுன் காரணத்தைக் கண்டறிவது அவசியம்.

முதலில் முனைகளைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் மின்சாரம் முழுமையாகப் பாயாது. ஏறுவதும் குறையும், இறங்குவதும் தடைப்படும். கிளாம்புகளைக் கழற்றி, ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைக்கவேண்டும். சோடா நீர் செல்லுக்குள் இறங்கிவிடக் கூடாது. திரும்ப இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். பாட்டரியின் மேற்புறத்தில் படியும் ஈரப்புழுதியும் இரு முனைகளுக்கு நடுவே மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். அதையும் துடைத்துவிட வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் மாட்டுவதே முறை. இல்லாவிடில் ஸ்பானர் டிராக்டரின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

கருவியின்றி ஒரு சோதனை

பாட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து பூட்டியபின், மாலையில் எஞ்சினை நிறுத்தியதும் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். வழக்கமாக ஒரே இரவில் இறங்குகிற பாட்டரியானால் ஓர் இரவும், மூன்று நாளில் இறங்குவதானால் மூன்று நாளும் அப்படியே விடவேண்டும். பிறகு ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறதா? பாட்டரி நன்றாகவே இருக்கிறது. மின்சாரம் வண்டியின் ஒயரிங்கில் ஒழுகுகிறது என்று கொள்ளலாம். கழற்றி வைத்தும் இறங்கிவிட்டதானால் பாட்டரியையே சந்தேகிக்க வேண்டும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க 12 வோல்ட் சிறு பல்பு ஒன்று போதும். சாவியையும் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, கழற்றிய நெகட்டிவ் ஒயருக்கும் பாட்டரி முனைக்கும் இடையே பல்பை இணைக்க வேண்டும். இந்நிலையில் சாவியைத் திருப்பக் கூடாது. பல்பு எரிந்தால் எங்கோ ஒழுகல் இருக்கிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், எதை எடுத்ததும் பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. சாவியைத் தொடாமல் நேரே பாட்டரியிலிருந்து இழுத்து மாட்டிய பாட்டுப்பெட்டி, செல்போன் சார்ஜர், டிரெய்லர் விளக்குப் பிளக்கில் புகுந்த ஈரம், இரும்பில் உரசித் தோலுரிந்த ஹாரன் ஒயர் ஆகியவற்றையே பெரும்பாலும் குற்றவாளிகளாகக் காணலாம். பியூஸ்களை எல்லாம் எடுத்தும் பல்பு எரிந்தால், பல்பைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டருக்குச் செல்லும் தடித்த ஒயரை விலக்கி, அதன் முனையில் துணி சுற்றி, மறுபடி பல்பை மாட்டிப் பார்க்கவேண்டும். இப்போது அணைந்தால் ஆல்டர்னேட்டருக்குள் டயோடு பழுது.

சிறிய ஒழுகல்தானே என்று விடுவது சரியல்ல. 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் கிடந்தால் ஏறத்தாழ 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி போய்விடும். 75 ஆம்பியர்-மணி பாட்டரி நான்காம் நாளிலேயே பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

சார்ஜ் ஏறுகிறதா?

மல்ட்டிமீட்டர் இருந்தால் இதை எளிதில் அறியலாம். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஏறாவிட்டால் பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்திப் பார்க்கலாம். சுமார் அரை அங்குலத்துக்கு மேல் தொய்ந்தால் இறுக்க வேண்டும். பெல்ட் சரியாக இருந்தும் ஏறவில்லையென்றால் ஆல்டர்னேட்டரை எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டியதுதான். 15 வோல்ட்டுக்கு மேல் போனால் ரெகுலேட்டர் பழுது. செல்லில் ஊற்றும் நீர் விரைவில் வற்றிவிடும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி ஒயரைப் பிடுங்கிச் சோதிக்கும் பழக்கம் பழைய டைனமோ காலத்தது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் நல்ல டயோடும் கருகிவிடும்.

மூடி திறக்கும் பாட்டரியானால் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களையும் பார்க்கலாம். 1.250-க்கு மேல் நல்ல சார்ஜ், 1.200-க்குக் கீழே உடனே சார்ஜ் தேவை. சார்ஜ் ஏற்றிய பின்பும் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால் அந்தப் பாட்டரிக்கு ஆயுள் முடிந்தது. அப்போதுதான் புதிது வாங்கவேண்டும். தகடுகள் மூழ்கும்படி வாலைவடிநீர் மட்டுமே ஊற்றவேண்டும். கிணற்று நீரும் ஆகாது, ஆசிட்டும் ஆகாது. நீர் ஊற்றிய கையோடு அளந்தால் கணக்குத் தவறும்.

சிமெண்டுத் தரையில் வைத்தால் பாட்டரி இறங்கிவிடும் என்று இன்றும் சொல்வார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அந்தப் பயம் வேண்டாம். வெயிலும் நெடுநாள் சும்மா கிடப்பதுமே உண்மையான பகை. வேலையில்லாத மாதங்களில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நிழலில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்வது நல்லது. இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. 75 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 7 ஆம்பியருக்கு மேல் போகாமல், காற்றோட்டமான இடத்தில் ஏற்றவேண்டும். அப்போது வெளிவரும் வாயு தீப்பற்றக்கூடியது. அருகில் பீடி பற்றவைக்கக் கூடாது.